சும்மா வந்தவள்

“சும்மா” என்ற சொல்லை எங்கள் சனம் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லும் என்பதற்குக் கணக்கில்லை. சும்மா வந்தனான், சும்மா கேட்டனான், சும்மா கிட. ஆனால் முப்பத்தேழு வயதில், கலியாணம் கட்டாத ஒருத்தி, ஒரு பெட்டியோடு தனியாக ஒரு தீவில் போய் இறங்கி, ஏன் வந்தாய் என்று கேட்பவர்களிடம் சும்மா என்று சொன்னால் நம்ப ஒரு ஆள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் பலெர்மோவில் நான் அதைத்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ஜேர்மனியில் தம்பி குடும்பத்தோடு இருந்தேன். வயோதிபர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. வீட்டில் தம்பியின் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல பிள்ளைகள். ஆனால் ஒரு கதவைச் சாத்திவிட்டு உள்ளே நான் மட்டும் இருந்தேன் என்று சொல்ல என் வாழ்க்கையில் ஒரு இரவு இருந்ததில்லை. ஊரில் இல்லை, கொழும்பு லொட்ஜில் இல்லை, அகதி முகாமில் இல்லவே இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு பயண முகவரின் கடை இருந்தது. அதன் கண்ணாடியில் கரீபியன் தீவு ஒன்றின் படம். வெள்ளை மணல், நீலக் கடல், மணலில் ஒரு சாய்கதிரை. ஒன்றே ஒன்று. மற்றப் படங்களில் எல்லாம் இரண்டு கதிரைகள் இருக்கும், அல்லது ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும். இந்தப் படத்தை எடுத்தவனுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. வருடக்கணக்காக அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பாஸ்போட் கையில் கிடைத்த கிழமையே கடைக்குள் போனேன். கடைக்காரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தீவுக்கு இதைக் காட்டி விசா எடுப்பதற்குள் எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும் என்றாள். பிறகு சுவரில் இருந்த இத்தாலி வரைபடத்தின் காலடியில் விரலை வைத்து, இதுவும் தீவுதானே என்றாள். சிசிலி. ஒரு சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்பும் விமானம். சரி, எழுது என்றேன்.

தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். நான் தூக்கி வளர்த்தவன். அவனிடம் அனுமதி கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன்.

“தனியவோ?” என்றான்.

“ஓம்.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்.”

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. நான் புறப்படும்போது தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பென்சியோனே என்று அவர்கள் சொல்லும் சின்ன விடுதி ஒன்றில் அறை எடுத்திருந்தேன். இரும்புக் கட்டில், உயரமான ஜன்னல், ஒரு வாங்கு. கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டேன், எடுத்தேன், திரும்பவும் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன். பிறகு பசித்தது. அந்தப் பசியைப் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம்.

வியா மக்வேதா என்ற தெருவில் ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம் என்று நடந்தபோது, மரக்கறிப் பையோடு எதிரே வந்த ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது, கழுத்தில் சங்கிலி.

“தமிழோ?”

இல்லை, மொரீஷியஸ் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் மொரீஷியஸ்காரரும் நிறைய, அவரும் விட்டிருப்பார். நான் ஓம் என்றேன்.

எந்த ஊர், ஆற்றை மகள், எங்கை நிக்கிறீர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மரியாதை என்று ஒன்று பழக்கித் தொலைத்திருக்கிறார்களே. பென்சியோனே என்றதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஏதோ நான் தெருவில் படுத்திருக்கிறேன் என்று சொன்னதுபோல.

“எங்கடை பிள்ளை ஒண்டு காசு குடுத்துக் கண்டவன் வீட்டிலை படுக்கிறதோ? அப்ப நாங்கள் இஞ்சை என்னத்துக்கு இருக்கிறம்?”

“இல்லை அண்ணை, நான் சும்மா சுத்திப் பாக்க வந்தனான். தனிய இருக்க விருப்பம்.”

“ஓமோம், சுத்திப் பாக்கலாம். நாங்கள் காட்டுறம்.”

தனிய இருக்க விருப்பம் என்று தமிழில்தான் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை. நான் அறைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்துக்குள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அக்கா வாசலில் நின்று, “வாரும் பிள்ளை, சோறு வடிச்சு வைச்சிட்டு வந்தனான்” என்றார். புருஷன் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். சோறு வடித்துவிட்டு வந்து நிற்கும் ஒருத்தியிடம் வரமாட்டேன் என்று சொல்ல எங்களில் யாருக்கு முடியும்? பறித்துக்கொண்டு போகிறவனிடம் சண்டை பிடிக்கலாம். அன்பாகப் பறிக்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நான் பெட்டியின் பின்னால் நடந்தேன்.

பழைய கட்டடத்தில் உயரமான கூரையுள்ள வீடு. இரண்டு குடும்பங்கள் நடுவில் திரை போட்டு இருந்தார்கள். என்னைக் கூட்டி வந்த வீட்டுக்காரர் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் கட்டிலில். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் படுத்தால்கூட இந்தப் பக்கம் கேட்கும். தாழ்ப்பாள் என்ற ஒன்று அந்த வீட்டில் குளியலறைக்குக்கூட இல்லை.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போகுமுன் வீட்டுக்காரர் என்னிடம் கையை நீட்டினார்.

“பாஸ்போட்டைத் தாரும் தங்கச்சி. இஞ்சை மோட்டர்சைக்கிளிலை வந்து கைப்பையை அறுத்துக்கொண்டு போடுவாங்கள். நாங்கள் எல்லாத்தையும் பெட்டியிலைதான் வைச்சிருக்கிறது.”

அது அந்த வீட்டு வழக்கம். கட்டிலுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி. எல்லாருடைய பாஸ்போட்டும் அதற்குள். பெர்மெஸ்ஸோ என்று அவர்கள் சொல்லும் வதிவிட அனுமதியும் அதற்குள். பெரியவர் என்ற முறையில் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. பூட்டுக்குத் திறப்பு ஒன்றுதான். அது அவருடைய கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்ந்து தொங்கியது. எனக்கும் அது புத்தியான ஏற்பாடாகத்தான் பட்டது. கொடுத்துவிட்டேன்.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது ஆளுக்காள் வந்து பார்த்தார்கள். பின்னால் நின்ற பெண்கள் குரலைத் தணித்து, எனக்குக் கேட்கும்படி கதைத்தார்கள். புருஷன் விட்டிட்டானாம். இல்லையாம், ஆரோடையோ ஓடி வந்ததாம், அவன் ஏமாத்திப்போட்டானாம். “ஏன் பிள்ளை வந்தனீர்?” என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். சும்மா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். நான் கையை உருவிக்கொண்டேன்.

வரும் வழியில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி, “உதுதான் என்ர சிஞ்ஞோரா வீடு, மூண்டாம் மாடி” என்றார் வீட்டுக்காரர் பெருமையோடு. அவர் வேலை செய்யும் வீட்டு எசமானியைத்தான் அப்படிச் சொன்னார். கடற்கரைக்குப் போகும் பஸ் பக்கத்தில்தான் நின்றது. மொந்தெல்லோ என்று நெற்றியில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை நான் செருப்பைப் போட்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எங்கை? ஆரோடை? கடலுக்கு, தனிய என்றேன். வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை ஆறுதலாகக் கீழே வைத்தார்.

“நேற்றுப் பின்னேரம் உம்மடை தம்பியோடை கதைச்சனான். உங்கடை ஊர் ஆள் ஒருத்தர் நம்பர் எடுத்துத் தந்தவர். அவர் சொன்னார், அக்காவுக்குக் கொஞ்சம் விசர், தனிய விடாதேங்கோ, பிளேன் ஏத்தும் வரைக்கும் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு. பாஸ்போட்டை ஏர்போட்டிலை தாறன்.”

விசர். நான் தூக்கி வளர்த்தவன், முன்பின் தெரியாத ஒருவருக்கு, எனக்கு மூளை பிசகு என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். அதை இவரும் ஒரு தயக்கமில்லாமல் என் முகத்துக்கு நேரே சொல்கிறார். கத்தினேன். கத்தினால் என்ன நடக்கும்? விசர் என்பது உறுதியாகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், தேசிக்காய் கரைச்சுக் குடுங்கோ என்றது.

பாஸ்போட் இல்லாமல் எந்தப் பென்சியோனேயும் அறை தராது. தெருவில் பொலிஸ் மறித்தால் நேரே க்வெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகம், அங்கே ஒரு நாள் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். அது பொய்யும் இல்லை. எனக்கிருந்தது ஒரு கிழமை. அதில் ஒரு நாளாவது ஒரு கதிரையில் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் உட்கார வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அந்த நாட்களை இவர்கள் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

செவ்வாய் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லா வீட்டிலும் கேக்கும் வடையும் அதே கேள்வியும். புதன் பின்னேரம் இன்னும் மோசம். பகேரியாவிலிருந்து ரயிலேறி ஒருவர் வந்தார். அங்கே ஒரு பழைய மாளிகையைக் காவல் காக்கிறவர், மனைவி இறந்துவிட்டாராம். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அக்கா என்னிடம் தேத்தண்ணித் தட்டைத் தந்தபோதுதான் எனக்கு விளங்கியது. என்னைப் பெண் பார்க்கிறார்கள். ஒருத்தி தனியாக வந்து சும்மா என்று சொன்னால், வாய் திறந்து கேட்க வெட்கப்படுகிறாள், மாப்பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

“சமையல் தெரியுமோ?” என்றார் வந்தவர்.

“வயோதிபர் இல்லத்துக் குசினியிலைதான் வேலை,” என்றேன். “பல்லில்லாத ஆக்களுக்கு எல்லாத்தையும் அரைச்சுக் குடுப்பன்.”

மனிதர் தேத்தண்ணியை முடிக்காமலே அடுத்த ரயிலைப் பிடித்தார். வீட்டுக்காரர் அன்றிரவு என்னோடு கதைக்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு அங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. அன்று சிஞ்ஞோரா வீட்டில் விருந்து என்று வீட்டுக்காரருக்கு மட்டும் ஓய்வில்லை. அக்கா வேலை முடிந்து மத்தியானம் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். பின்னேரம் இன்னும் யாரோ என்னைப் பார்க்க வருகிறார்களாம், அவர்களுக்கு ரோல்ஸ் செய்ய வேண்டுமாம்.

“அக்கா, என்ர பாஸ்போட்டைத் தாங்கோ.”

“திறப்பு அவரிட்டை பிள்ளை.”

“உங்களுக்கு அவசரம் எண்டால்?”

“எனக்கென்ன அவசரம்?” கத்தியை நிறுத்தாமலே சொன்னார். “என்ர பாஸ்போட்டும் அதுக்குள்ளைதான். நான் இஞ்சை வந்த அண்டு ஏர்போட்டிலை வாங்கினவர். ஒம்பது வரியமாச்சு, பிறகு நான் அதைக் காணேல்லை.”

இதை அவர் ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. வெங்காயம் காரமாக இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு அடக்க முடியவில்லை. அவர்மேல் கோபமா, அவர் புருஷன்மேல் கோபமா, தம்பிமேலா, எனக்கே தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். அக்கா பின்னால் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

பொலிதேயாமாவுக்குப் பின்னால் அந்தக் கட்டடத்துக் காவல்காரன் என் நிறத்தைப் பார்த்தே வேலைக்காரி என்று முடிவு செய்து, பின்பக்கப் படியைக் காட்டினான். மூன்று மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தது வீட்டுக்காரர். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, கையில் வெள்ளைக் கையுறை. ஒரு நொடி எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. உள்ளே பீங்கான் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“திறப்பைத் தாங்கோ,” என்றேன்.

“என்ன இது? இஞ்சை ஏன் வந்தனீர்? வீட்டை போம், வந்து கதைக்கிறன்.”

“திறப்பு.”

“மெல்லக் கதையும், சிஞ்ஞோரா இருக்கிறா.”

நான் குரலை உயர்த்தினேன். என் பாஸ்போட், என் பாஸ்போட் என்று மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரை கேட்கக் கத்தினேன். அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. தன் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை ஆறுதலாகக் கீழே வைக்கும் அந்த மனிதருக்கு இங்கே குரலை உயர்த்த முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். பாவம் என்று நினைக்க அன்று மனம் இடம் கொடுக்கவில்லை, இன்றும் கொடுக்கவில்லை.

முத்துமாலை போட்ட ஒரு முதிய பெண் கதவுக்குப் பின்னால் வந்து நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ கேட்டாள். “மியா சொரெல்லா,” என்றார் அவர். என் தங்கச்சி. அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றாமல் கழுத்துப் பொத்தானைத் திறந்து சங்கிலியை இழுத்தார். உறை போட்ட விரல்களுக்குக் கொளுவி அகப்படவில்லை. கடைசியில் நானே கையை நீட்டித் திறப்பைக் கழற்றிக்கொண்டேன். சிலுவை அவரோடு இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா அதே இடத்தில் இருந்தார். வெங்காயம் அப்படியே கிடந்தது. நான் திறப்பைக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். என் நீலப் புத்தகம் மேலேயே கிடந்தது. அடியில் ஒரு பொலித்தீன் பைக்குள் அக்காவின் பாஸ்போட். எடுத்து நீட்டினேன்.

அவர் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினார். படம் இருந்த பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடி, பொலித்தீனில் சுற்றித் தானே பெட்டிக்குள் வைத்தார்.

“பூட்டு பிள்ளை. நான் எங்கை போறது?”

அந்த ஒரு கேள்விக்கு அந்த வீட்டையே உடைக்கலாம் போலிருந்தது. ஆனால் பதில் எனக்கும் தெரியவில்லை. பெட்டியைப் பூட்டினேன். திறப்பை மேசையில் வைக்காமல், வேண்டுமென்றே அவருடைய கைக்குள் வைத்து விரல்களை மூடினேன். என் உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்த முறை தோளில் தூக்க ஒருவரும் வரவில்லை.

அன்றிரவு வேறொரு பென்சியோனேயில் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன். வெள்ளிக்கிழமை மொந்தெல்லோ பஸ் ஏறினேன். சாய்கதிரை வாடகைக்குத் தருபவன் எத்தனை என்று விரலால் கேட்டான். ஒன்று என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை, கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனான். நிம்மதியாக உட்கார்ந்தேன் என்று எழுத ஆசைதான். உட்கார்ந்ததும் தம்பியோடு சண்டை தொடங்கிவிட்டது, பிறகு வீட்டுக்காரரோடு, பிறகு கோயில் முற்றத்து அம்மாவோடு. எல்லாரும் என் தலைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாய்விட்டுக்கூடத் திட்டியிருக்கிறேன், பக்கத்தில் குழந்தையோடு இருந்தவர்கள் தள்ளிப் போனார்கள். பின்னேரம் களைத்துப்போய்த் தூங்கிவிட்டேன். எழும்பியபோது வெயில் இறங்கியிருந்தது, கடல் அதே நீலத்தில் கிடந்தது, ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்காக இன்னொரு முறையும் அந்த மூன்று மாடி ஏறுவேன்.

சனிக்கிழமை விமானம் ஏறி ஜேர்மனிக்கு வந்தேன். தம்பியோடு நானாகக் கதைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு தனி அறை பார்த்துக்கொண்டு போனேன். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவுதான், நானே ஒரு புதிய கொளுக்கி வாங்கிப் பூட்டினேன்.

மாரிகாலத்தில் ஒரு நாள் தம்பி தொலைபேசியில் வந்தான். வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

“நீ பலெர்மோவிலை என்ன செய்துபோட்டு வந்தனி? அந்த மனுசன் போன் எடுத்துக் கத்துறார்.”

“என்னவாம்?”

“நீ திறப்பைக் கொண்டு போட்டியாம். எப்பவாவது திருப்பி அனுப்புவாய் எண்டு பாத்திருந்து, இப்ப பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும் எண்டு பூட்டை உடைச்சவராம். உடைச்சுப் பாத்தால் தன்ர மனுசியின்ர பாஸ்போட்டைக் காணேல்லையாம். நீதான் எடுத்ததெண்டு மனுசி சத்தியம் பண்ணுதாம். கோயில் சனம் முழுக்க உன்னைக் கள்ளி எண்டு கதைக்குதாம்.”

அக்கா தன் கையாலேயே அதைப் பொலித்தீனில் சுற்றி வைத்ததும், பெட்டியை நான் பூட்டியதும், திறப்பின்மேல் அவருடைய விரல்களை நான் மடக்கியதும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது.

“கேக்குதோ? நீ எடுத்தனியோ?”

“ஓம்,” என்றேன். “நான்தான் எடுத்தனான். வழியிலை துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லு.”

“விசரி. அது உனக்கு என்னத்துக்கு?”

“சும்மா,” என்றேன்.